உண்ணி மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: சுவிஸில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வைத்தியரிடம் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடப் போவது என் வேலை. குளிர் விட்டு வெளியில் நடமாட்டம் தொடங்கியதும் உண்ணி பற்றிய பேச்சு வந்துவிடும். வைத்தியர் இரண்டு வசனத்தில் தடுப்பூசியைச் சொல்லி முடிப்பார். சந்தேகமெல்லாம் வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் கிளம்பும். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்ச் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் வீட்டு வைத்தியரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

உண்ணி கடிச்சா என்ன? ஊரில மாட்டிலயும் நாயிலயும் எத்தனை உண்ணி பிடுங்கியிருக்கிறம்!

ஊரில் பார்த்ததும் உண்ணிதான், இங்கே புல்லில் இருப்பதும் உண்ணிதான். இனம் வேறு, அது சுமக்கும் நோயும் வேறு. நடு ஐரோப்பாவில் பரவலாக இருப்பது இக்சோடஸ் ரிசினஸ் என்ற இனம். எலி போன்ற சிறு பிராணிகளின் இரத்தத்தைக் குடிக்கும்போது மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ் அதற்குத் தொற்றுகிறது. அடுத்த முறை அது மனிதரைக் கடித்தால் எச்சில் வழியாக வைரஸ் நமக்குள் வரும். தடுப்பூசி அட்டையில் எஃப்.எஸ்.எம்.இ. என்று நான்கு எழுத்தில் குறிக்கப்படுவது இந்த நோய்தான்.

1931-ல் ஒஸ்திரியாவின் நொயின்கிர்ஹன் பகுதியில் ஹான்ஸ் ஷ்னைடர் என்ற வைத்தியர், வெப்பமான மாதங்களில் மட்டும் வந்துபோகும் ஒரு மூளையுறை அழற்சியைக் கவனித்து எழுதினார். 1937-ல் சோவியத் தூரகிழக்குக் காடுகளுக்கு லெவ் சில்பர் தலைமையில் சென்ற குழு, வைரஸையும் அதை உண்ணி பரப்புவதையும் கண்டுபிடித்தது. நோயை மருத்துவ உலகம் அறிந்து தொண்ணூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

சும்மா காய்ச்சல்தானே? இரண்டு நாள் படுத்தா மாறாதோ?

முதலில் அப்படித்தான் தெரியும். கடித்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு. சில நாளில் அது விட்டுவிடும். பலருக்கு அதோடு முடிந்தும் விடும். மற்றவர்களுக்கு ஒரு வாரமளவில் சுகமாக இருந்தபின் காய்ச்சல் திரும்பி வரும். இம்முறை வைரஸ் மூளையுறைக்கோ, மூளைக்கோ, முதுகுத்தண்டுக்கோ போயிருக்கும். தாங்க முடியாத தலையிடி, கழுத்து இறுக்கம், தடுமாற்றம், நடுக்கம், பேச்சுக் குழறல், சிலருக்குக் கை அல்லது தோள் வாதம்.

ஐரோப்பிய வகை வைரஸ் மூளையைத் தாக்கியவர்களில் இறப்பது ஏறத்தாழ நூற்றில் ஒருவர். தூரகிழக்கு வகையில் இறப்பு இதைவிடக் கூட. ஆனால் இறப்பை மட்டும் பார்த்தால் இந்த நோய் புரியாது. மூளை பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், முழுதாகத் தேறாமல் இருக்கிறார்கள். ஞாபக மறதி, ஒரு வேலையில் மனம் நிலைக்காமை, ஓயாத களைப்பு, காது மந்தம், நடையில் தள்ளாட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், ஆனால் பழைய ஆள் இல்லை என்று வீட்டார் சொல்வது இதைத்தான். தடுப்பூசியின் கணக்கு முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது.

கடிச்ச எல்லாருக்கும் வராதாமே?

வராது. நோய் இருக்கும் இடங்களில்கூட நூறு உண்ணிகளில் ஒன்று என்ற அளவில்தான் வைரஸ் இருக்கும், சில இடங்களில் கொஞ்சம் கூட. தொற்றியவர்களிலும் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாமலே போய்விடும். ஒரு கடியைக் கண்டு பதறத் தேவையில்லை.

ஆனால் நாம் இங்கே ஒரு கோடைக்கு மட்டும் இருக்கப்போவதில்லை. 2020-ல் சுவிஸில் 400-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் பதிவானது. ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஐந்து. அது உச்சமான ஒரு வருடம். அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், முப்பது வருடம் இங்கே வாழ்பவர்களில் 1,300 பேருக்கு ஒருவர் என்று வருகிறது. சராசரிக் கணக்கு இது. தோட்டம், காடு, மலைநடை என்று திரிபவருக்கு இதைவிடக் கூட.

நாங்கள் காட்டுக்கே போறேல்லை. எங்களுக்கு எதுக்கு?

உண்ணி மரத்திலிருந்து விழுவதில்லை. புல்லிலும் தாழ்ந்த செடிகளிலும், பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, காத்திருந்து உரசிப் போகிறவர் மேல் ஏறும். காட்டோரம், ஆற்றோரம், பூங்காப் பற்றை, வீட்டுப் பின்வளவு எல்லாம் அதன் இடங்கள். எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுத்து மிளகாயும் வெண்டியும் கீரையும் போடும் குடும்பத் தோட்டங்கள் பலவும் காட்டோரமாகத்தான் இருக்கின்றன.

பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். பாலர் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடம் அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறது. சாரணர், கோடை முகாம், பந்து பற்றைக்குள் போனால் தேடி எடுப்பது என்று எத்தனையோ. நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் போகிறார்.

உண்ணியை உடனே பிடுங்கி எறிஞ்சா சரிதானே?

இந்த நோய்க்கு அது போதாது. வைரஸ் உண்ணியின் எச்சிலில் இருப்பதால் கடித்த சில நிமிடங்களிலேயே உள்ளே போய்விடும். நீங்கள் கண்டு பிடுங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். குஞ்சு உண்ணி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான்; கடி நோவதும் இல்லை. நோய் வந்தவர்களில் பலருக்குக் கடித்ததே நினைவில் இருப்பதில்லை.

அதற்காகப் பிடுங்காமல் விடாதீர்கள். அடுத்த கேள்வியில் வரும் நோய்க்கு சீக்கிரம் எடுப்பது மிகவும் உதவும். நுனி கூரான சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், பசை, நெருப்பு எதுவும் வேண்டாம்.

போரெலியோசிஸ் எண்டும் சொல்லினம். இந்த ஊசி அதுக்கும் சேர்த்தா?

இல்லை. போரெலியோசிஸ் பாக்டீரியாவால் வருவது. இதைவிடப் பல மடங்கு பேருக்கு வருகிறது. உண்ணி பல மணித்தியாலம் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் தொற்றும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பெருத்துக்கொண்டு போனால் வைத்தியரிடம் போக வேண்டும். ஆன்டிபயோடிக் கொடுத்தால் மாறும்.

மூளைக்காய்ச்சல் இதற்கு நேர் எதிர். தடுப்பூசி உண்டு, மருந்து இல்லை. ஊசி போட்டவரும் காட்டுக்குப் போய்வந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமயிர் ஓரமும்.

வந்தா ஆஸ்பத்திரியில மருந்து தருவினம்தானே? சுவிஸ் ஆஸ்பத்திரி!

நல்ல பராமரிப்புத் தருவார்கள். சேலைன், நோவு மருந்து, மூச்சுக்கு உதவி, பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை. வைரஸைக் கொல்லும் மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. முன்பு உண்ணி கடித்தவர்களுக்குத் தயார் எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போடும் வழக்கம் இருந்தது. அது நோயைக் கூட்டிவிடுமோ என்ற ஐயத்தில் கைவிடப்பட்டது.

எந்தெந்த இடத்தில இருக்கு? எங்கட மாநிலத்திலயும் இருக்கோ?

சுவிஸில் 2019 முதல் ஜெனீவா, திச்சினோ தவிர்ந்த எல்லா மாநிலங்களும் அபாயப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. இந்த வரைபடம் அவ்வப்போது திருத்தப்படும், ஆகவே மத்திய சுகாதார அலுவலகத்தின் புதிய அறிவித்தலைப் பாருங்கள். ஜேர்மனியில் பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கும் முக்கியமான இடங்கள். ஒஸ்திரியா, செக், ஸ்லொவேனியா, பால்டிக் நாடுகள், சுவீடனின் ஸ்டாக்ஹோம் பக்கம் என்று நீண்டு ரஷ்யா, வட சீனா, ஜப்பானின் ஹொக்கைடோ வரை போகிறது.

ஊரில மூளைக்காய்ச்சல் ஊசி போட்டனாங்கள். அது காணாதோ?

இலங்கையில் பிள்ளைகளுக்குப் போடுவது நுளம்பால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்த உண்ணி நோய் நான்கும் ஒரே வைரஸ் குடும்பம். ஆனால் ஒன்றின் ஊசி மற்றதைக் காக்காது.

இந்தியத் தமிழர்கள் குரங்குக் காய்ச்சலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. அதுவும் உண்ணி பரப்புவது, இந்த வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். ஆனாலும் வேறு நோய்.

எத்தனை ஊசி? எப்ப தொடங்க வேணும்?

மூன்று. முதலாவது போட்டு ஒன்று முதல் மூன்று மாதத்தில் இரண்டாவது. இங்கே இரண்டு பெயரில் ஊசி உண்டு. மூன்றாவது, எஃப்.எஸ்.எம்.இ.-இம்யூன் என்றால் அதன்பின் 5 முதல் 12 மாதத்துக்குள், என்செபூர் என்றால் 9 முதல் 12 மாதத்துக்குள். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரமளவில் அந்தக் கோடைக்கான பாதுகாப்பு வந்துவிடும். மூன்றாவது அதை நீடிக்கச் செய்யும்.

குளிர்காலத்தில் தொடங்குவதே நல்லது. உண்ணி ஏழெட்டுப் பாகை வெப்பத்திலேயே அசையத் தொடங்கிவிடும், மார்ச்சில் சில நாட்களில் அது வந்துவிடும். கோடையில் தொடங்கினாலும் பிழையில்லை. அவசரம் என்றால் இரண்டாவது ஊசியை 14 நாளில் போடவும் ஒழுங்கு உண்டு.

அதன்பின் சுவிஸில் பத்து வருடத்துக்கு ஒருமுறை. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் முதல் மறு ஊசி 3 வருடத்தில், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை, வயது கூடியவர்களுக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை. அங்கே இருக்கும் உறவினர் வேறு மாதிரிச் சொன்னால் குழம்ப வேண்டாம். நாட்டுக்கு நாடு பரிந்துரை வேறு, ஊசி ஒன்றே. பிள்ளைகளுக்குச் சுவிஸில் முன்பு 6 வயதிலிருந்து என்றிருந்தது, 2024-ல் 3 வயது என்று இறக்கினார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வருமாமே? பயமா இருக்கு.

ஊசி போட்ட இடத்தில் நோவு, ஒரு நாள் களைப்பு, லேசான காய்ச்சல் வரலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் கூட. இது செயலிழக்கச் செய்த வைரஸ். ஊசியால் நோய் வராது.

இந்தப் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு, மறைக்கத் தேவையில்லை. 2000-ல் டிக்கோவாக் என்ற பெயரில் அல்புமின் சேர்க்காத ஒரு புதிய கலவை ஐரோப்பாவில் வந்தது. அதைப் போட்ட சின்னப் பிள்ளைகள் பலருக்குக் கடும் காய்ச்சல் அடித்தது. கலவையைத் திரும்பப் பெற்றார்கள். அல்புமினைத் திருப்பிச் சேர்த்து, பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்து மாற்றியதுதான் இன்று போடப்படுவது. கண்காணிப்பு வேலை செய்தது, பிழை திருத்தப்பட்டது. வைரஸைக் கோழிக்கரு உயிரணுவில் வளர்ப்பதால், முட்டைக்கு மூச்சு முட்டும் அளவு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஊசி உண்மையில வேலை செய்யுதா, இல்லாட்டிச் சும்மா சொல்லினமா?

இதற்கு ஒஸ்திரியாவைப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் ஐரோப்பாவிலேயே இந்த நோயால் மிகவும் வாடிய நாடுகளில் ஒன்று அது. 1979-ல் மட்டும் 677 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வியன்னாவில் கிறிஸ்தியான் குன்ஸ் முன்னின்று உருவாக்கிய தடுப்பூசி, முதலில் காட்டு வேலைக்காரர், விவசாயிகள் போன்றோருக்குப் போடப்பட்டது. 1981-ல் நாடு முழுவதற்கும் இயக்கம் தொடங்கினார்கள். அங்கேயும் ஊசி முழு இலவசம் இல்லை. ஒவ்வொரு வருடமும் சில மாதம் விலையைக் குறைத்து, காப்புறுதி ஒரு பங்கு கொடுத்து, பள்ளிக்கூடம் வேலைத்தலம் எல்லாம் போய் நினைவூட்டினார்கள். காலப்போக்கில் மக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒரு தடவையாவது போட்டுக்கொண்டார்கள். 1999-ல் நோயாளிகள் 41 பேர்.

காலம் மாறியதால், உண்ணி குறைந்ததால் நோய் குறைந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பக்கத்து நாடான செக்கில் அதே உண்ணி, அதே மாதிரிக் காடு. அந்தக் காலத்தில் அங்கே ஊசி போட்டவர்கள் ஆறு பேரில் ஒருவர் அளவில்தான். 2006-ல் செக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்தது. அதே வருடம் ஒஸ்திரியாவில் 84 பேர். இன்னொன்றும் பார்த்தார்கள்: ஒஸ்திரியாவிலேயே ஊசி போடாதவர்களுக்கு மட்டும் கணக்கெடுத்தால், ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர். இயக்கத்துக்கு முந்திய காலத்து அளவு அப்படியே இருக்கிறது. காட்டில் ஆபத்துக் குறையவில்லை; ஊசி போட்டவர்கள் தப்பியிருக்கிறார்கள். 2000 முதல் 2011 வரை மட்டும் அங்கே 4,000 பேருக்கு வராமல் தடுக்கப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு 96 சதவீதத்துக்கு மேல்.

மற்றவை எல்லாரும் போட்டா எனக்கும் வராதுதானே? சின்னமுத்துக்கு அப்பிடித்தானே சொன்னவை.

சின்னமுத்து (தட்டம்மை) மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. சுற்றியுள்ளவர்கள் போட்டால் அது உங்களிடம் வர வழியில்லாமல் போகும். இந்த வைரஸ் எலிக்கும் உண்ணிக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருப்பது. மனிதருக்கு வந்தால் அதோடு நின்றுவிடும். இருமலாலோ தொடுவதாலோ அடுத்தவருக்குப் போகாது. ஊரில் 99 பேர் போட்டாலும் போடாத நூறாவது ஆளைக் கடிக்கும் உண்ணிக்கு அது தெரியாது. மேலே சொன்ன ஒஸ்திரியக் கணக்குக் காட்டுவதும் இதைத்தான்.

மற்றவர்களின் ஊசி உங்களைக் காக்காது, உங்கள் ஊசி உங்கள் பிள்ளையைக் காக்காது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

காசு ஆர் கட்டுறது?

அபாயப் பகுதியில் வசிப்பவருக்கும் அங்கே அடிக்கடி போய்வருபவருக்கும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. ஆனால் பொதுவாக வேறு வைத்தியச் செலவு மாதிரித்தான்: முதலில் உங்கள் பிரான்சீஸ், அதாவது வருடத்தில் முதலில் நீங்களே கட்டும் தொகை, அது தாண்டினால் 10 சதவீதப் பங்கு. பிள்ளைகளுக்குப் பிரான்சீஸ் இல்லாததால் 10 சதவீதம் மட்டும்தான் வரும். பிள்ளையின் ஊசியைக் காசுக்காகத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

வேலையே காட்டிலும் தோட்டத்திலும் என்றால் செலவு வேலைகொடுப்பவருடையது. பூங்காப் பராமரிப்பு, வனத்துறை, தோட்ட நிறுவனங்களில் வேலை செய்யும் நம் ஆட்கள் இதை வாய்திறந்து கேட்க வேண்டும். மருந்தகத்திலும் போடலாம், ஆனால் அங்கே போட்டால் காப்புறுதி கட்டுமா என்று போவதற்கு முன்பே கேளுங்கள்.

நான் 2,500 பிராங்க் பிரான்சீஸ் வச்சிருக்கிறன். மூண்டு ஊசிக்கும் என்ரை கைக்காசுதான் போகும். லாபமோ?

மாதக் கட்டணத்தைக் குறைக்க நம்மவர் பலர் எடுக்கும் வழி இது. ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது. கையால் போவது மூன்று ஊசியின் செலவு, பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று. மறுபக்கம், நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் 2,500 பிராங்கும் அந்த வருடமே போய்விடும், அதோடு 10 சதவீதப் பங்காக 700 பிராங்க் வரை. வைத்தியச் செலவில் உங்கள் பங்கு மட்டுமே ஒரே நோயில் 3,200 பிராங்க் வரை வந்துவிடுகிறது.

அது சின்னப் பங்கு. பெரிய இழப்பு வேலையில் இருக்கிறது. பதிவாகும் நோயாளிகளில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், தேறி வேலைக்குப் போக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. மேசையில் இருந்து செய்யும் வேலை என்றால் பாதி நாளாவது போகலாம். சமையலறையில் எட்டு மணித்தியாலம் நின்று, துப்புரவு வேலையில் ஏணி ஏறி, முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்கிச் சம்பாதிப்பவருக்குத் தள்ளாட்டமும் தோள் பலவீனமும் வந்தால் அந்த வேலையே இல்லை. வருடம் கழித்து ஞாபகம் திரும்பினாலும் அந்த இடம் காத்திருக்காது. உழைப்பு உடம்பில் இருக்கிறவர்களுக்கு இந்த ஊசி கூடுதல் பெறுமதி என்று நான் திடமாக நம்புவது இதனால்தான்.

வந்தா விபத்துக் காப்புறுதி பார்க்கும் எண்டு சொல்லினமே?

உண்மை. 1996-ல் சுவிஸின் மத்திய காப்புறுதி நீதிமன்றம் உண்ணிக்கடியை விபத்தாகவே எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விபத்துக் காப்புறுதி ஏற்றால் வைத்தியச் செலவுக்குப் பிரான்சீஸ் இல்லை, மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 சதவீதம் கிடைக்கும்.

ஆனால் யாருக்கு? ஒரே வேலைகொடுப்பவரிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்குத்தான், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் அடங்கும். நாலு வீட்டில் மூன்று மூன்று மணித்தியாலம் துப்புரவு செய்யும் அக்காவுக்கு, மொத்தம் 12 மணித்தியாலம் ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கடித்த உண்ணிக்கு அந்தக் காப்பு இல்லை. சொந்தக் கடையோ உணவகமோ வைத்திருப்பவருக்கும் தானாக இல்லை. தாமே விரும்பிச் சேர்ந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகாத மனைவி, ஓய்வெடுத்த அப்பா, பிள்ளைகள் எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி மட்டும்தான். முதலில் உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

காப்பு இருந்தாலும் கடி நடந்ததைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. உண்ணியைக் கண்டால் படம் எடுத்து, திகதியும் இடமும் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே வேலைத்தலத்துக்கு அறிவியுங்கள். 80 சதவீதச் சம்பளம் வீட்டு வாடகைக்கு உதவும், ஞாபகத்தையும் நடையையும் திருப்பித் தராது.

அரசாங்கத்துக்கு இதில என்ன லாபம்? மருந்துக் கொம்பனிக்குத்தானே காசு?

கொம்பனிக்கு லாபம் இருக்கிறது, அது உண்மை. அரசுகள் அதை மட்டும் பார்த்து ஊசி வாங்குவதில்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவு சொன்னது: ஊசி போடாத நிலையில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ நோயாளிகள் இருக்கும் இடத்தில் எல்லா வயதினருக்கும் போடலாம். அதற்குக் குறைந்தால் ஆபத்துக் கூடியவர்களுக்கு மட்டும். காரணம், மேலே சொன்னதுதான்: ஒருவருக்குப் போட்டால் அடுத்தவருக்குப் பயன் கிடைப்பதில்லை. ஆகவே நோய் குறைந்த இடத்தில் எல்லாருக்கும் இலவசமாகப் போட்டால் காசு வீணாகும். நோய் கூடிய இடத்தில் போடாமல் விட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் இழந்த வேலை நாளும் அதை விழுங்கிவிடும்.

ஒஸ்திரியாவின் முதல் பத்து வருட இயக்கத்தைக் கணக்குப் பார்த்தபோது செலவைவிட மிச்சப்பட்ட காசே கூட வந்தது. ஸ்டாக்ஹோமில் இலவசமாகப் போட்டால் என்ன ஆகும் என்று 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. நல்ல சுகத்தோடு வாழும் ஒரு வருடத்தைப் பெற்றுத்தர ஆகும் செலவு 30,000 குரோனருக்கும் குறைவு என்று கண்டார்கள். சுவீடன் வேறு சிகிச்சைகளுக்குச் செலவழிக்கும் அளவோடு பார்த்தால் அது மிகக் குறைவு. பின்லாந்தின் ஓலந்து தீவுகளில் 2006 முதல் இலவசம். ஸ்லொவேனியா 2019-ல் மூன்று வயதுப் பிள்ளைகளையும் 49 வயதினரையும் தெரிந்தெடுத்து அரசுச் செலவில் போடத் தொடங்கியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுவீடனில் ஊசிக்குப் பெரும்பாலும் மக்களே காசு கொடுக்கிறார்கள், அங்கே வருமானம் குறைந்த வீடுகளில் போட்டவர்களும் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. காசைக் காரணமாக வைத்தால் உடம்பால் உழைப்பவர்கள்தான் விடுபடுகிறார்கள். இங்கே பெரியவர்களுக்குப் பிரான்சீஸ் இல்லாமல் இந்த ஊசி கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சுவிஸில லட்சம் பேருக்கு ஐந்துக்குக் கிட்டத்தானே வருது? அப்ப அவ்வளவு ஆபத்து இல்லைத்தானே?

கூர்மையான கேள்வி. அந்த ஐந்து, ஊசி போட்டவர்களையும் சேர்த்து எண்ணியது. 2018 அளவில் சுவிஸில் மூன்றில் ஒருவர் போட்டிருந்தார். அவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் பார்த்தால் எண்ணிக்கை கூடும். ஊசி நன்றாகப் பரவிய நாட்டில் நோய் அரிதானதாகத் தெரியும். அதைக் கண்டு ஊசியை நிறுத்தினால் பழைய அளவு திரும்பி வரும். மாநிலத்துக்கு மாநிலமும் வித்தியாசம் பெரிது. நாட்டுச் சராசரி உங்கள் தோட்டத்தின் நிலையைச் சொல்லாது.

அப்பாவுக்கு எழுபது. இந்த வயசில எதுக்கு ஊசி?

இந்த நோய் வயதானவர்களைத்தான் மோசமாகத் தாக்குகிறது. இறப்பும் நீண்ட பாதிப்பும் வயதோடு கூடும். ஓய்வெடுத்தபின் தோட்டத்திலும் நடையிலும் பொழுது போக்குபவரும் அவர்தான். வயதில் ஊசியின் பலன் கொஞ்சம் குறையலாம், ஆகவே மூன்றையும் தவறாமல் முடிக்க வேண்டும்.

அம்மா ஊரில இருந்து மூண்டு மாதம் நிக்க வாறா. அவவுக்கும் வேணுமோ?

குளிர்காலத்தில் வந்தால் தேவையில்லை. கோடையில் வந்து பேரப்பிள்ளைகளோடு பூங்கா, தோட்டம் என்று திரிவார் என்றால் வந்தவுடனே வைத்தியரிடம் கேளுங்கள். 14 நாள் ஒழுங்கு இப்படியானவர்களுக்குப் பொருந்தும். செலவு உங்கள் கையால்தான்.

ஆட்டுப்பாலாலயும் வருமாமே?

வரும். வைரஸ் உள்ள உண்ணி கடித்த ஆடு, செம்மறி, மாட்டின் காய்ச்சாத பாலில் வைரஸ் சில நாள் இருக்கும். 1951-ல் ஸ்லோவாக்கியாவின் ரோஷ்ணாவாவில் பச்சை ஆட்டுப்பால் கலந்து விற்றதால் 600-க்கு மேற்பட்டோருக்கு நோய் வந்தது. 2020-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள பிரான்ஸின் ஐன் மாவட்டத்தில் காய்ச்சாத ஆட்டுப்பால் சீஸால் நாற்பதுக்கு மேற்பட்டோர் நோயானார்கள். நம் வீட்டு வழக்கப்படி காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. பண்ணையில் நேரே வாங்கும் பச்சைப் பாலிலும் பச்சைப்பால் சீஸிலும்தான் கவனம் வேண்டும்.

ஊசி போட்டவைக்கும் வந்திருக்கு. பிறகென்ன?

வந்திருக்கிறது. 96 என்பது 100 இல்லை. வயது கூடியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ஒன்றோ இரண்டோ போட்டு நிறுத்தியவர்கள்தான் இதில் பலர். ஒஸ்திரியாவில் பெரும்பாலானோர் ஊசி போட்டவர்கள் என்பதால், நோயாளிகளிலும் சிலர் ஊசி போட்டவர்களாக இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. ஒப்பிட வேண்டியது, போட்ட லட்சம் பேரில் எத்தனை, போடாத லட்சம் பேரில் எத்தனை என்பதை.

இண்டைக்குக் கடிச்சுப்போட்டுது. இப்ப ஓடிப்போய் ஊசி போட்டா?

இந்தக் கடிக்கு உதவாது. உடம்பு எதிர்ப்பை உருவாக்குமுன் வைரஸ் தன் வேலையைத் தொடங்கிவிடும். நாலு வாரம் உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல் வந்து விட்டு மறுபடி தலையிடியோடு வந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லிக்கொண்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் எப்போது தொடங்கலாம் என்று கேட்டு அடுத்த கடிக்கு முன் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊசி போட்டனான், மூண்டாவது மறந்து நாலு வருசமாச்சு. திரும்பவும் முதலில இருந்தா?

தேவையில்லை. போட்ட ஒவ்வொரு ஊசியும் கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து மூன்றாவதைப் போட்டால் போதும். ஆனால் அதைப் போடும்வரை பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்திருந்தால் முதலில் ஊசி போட்ட வைத்தியரின் பதிவில் திகதி இருக்கும், தொலைபேசியில் கேட்டாலே சொல்வார்கள்.